4 லட்சம் பாலிசி, 3.5 லட்சம் பில்: பிறகு ஏன் நகை அடகுக்குப் போகிறது?

கேள்வி இது: "அப்பாவுக்கு வயது 64. போன மாதம் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் செய்தோம். 4 லட்ச ரூபாய்க்கு இன்சூரன்ஸ் இருந்தது. பில் 3,50,000. கம்பெனி கொடுத்தது 1,53,000 மட்டுமே. மீதி 1,97,000-க்கு அக்காவின் நகையை அடகு வைத்தோம். பில் பாலிசித் தொகைக்குள்தானே வந்தது? பிறகு ஏன் இப்படி? இனி என்ன செய்வது?"

உங்கள் பணத்தில் ஒரு பகுதி, என் கணக்குப்படி 49,500 ரூபாய், திரும்பக் கிடைக்க நியாயம் இருக்கிறது. காலக்கெடு உள்ள விஷயம் என்பதால் அதை முதலில் சொல்கிறேன். மருத்துவமனைக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கும் டிபிஏ அலுவலகத்தில் பல வருடம் கிளெய்ம் ஃபைல்களைப் பார்த்தவன் என்ற முறையில், நீங்கள் இணைத்த பில் விவரத்தையும் செட்டில்மென்ட் கடிதத்தையும் வரி வரியாகப் படித்தேன்.

உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 4,000 ரூபாய். ஐசியூவுக்கு 2 சதவீதம், 8,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் தனி அறை. இதைப் பார்க்கும் எல்லோரும் "சரி, ஒரு நாளைக்கு 4,000 நம் கையிலிருந்து போகும், அவ்வளவுதானே" என்று நினைப்பார்கள். அங்கேதான் அடி விழுகிறது. அனுமதித்த வாடகை, எடுத்த அறையின் வாடகையில் பாதி. அதனால் அறுவை சிகிச்சைக் கட்டணமும் பாதிதான் தருவோம் என்பார்கள். விகிதாசாரக் கழிவு என்பது இதுதான்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பல மருத்துவமனைகளில் அதே சர்ஜன், அதே ஆபரேஷன் தியேட்டர், அதே மயக்க மருந்து டாக்டர்தான். ஆனால் பொது வார்டு நோயாளிக்கு ஒரு கட்டணம், தனி அறை நோயாளிக்கு இன்னொரு கட்டணம். அறை உயர்ந்தால் எல்லாம் உயரும். அந்தக் கூடுதலைத் தாங்க மாட்டோம் என்று கம்பெனி சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அட்மிஷன் நேரத்தில் இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லையே, அதில்தான் நியாயம் இல்லை. நெஞ்சு வலியோடு அப்பாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு நிற்கிற மகனிடம், "ஷேரிங் ரூம் காலி இல்லை, சிங்கிள்தான் இருக்கு, போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். போட்டுடுங்க என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விலை என்று அந்த நேரத்தில் எவருக்குத் தெரியும்?

இப்போது உங்கள் பில். அறை வாடகை 6 நாளுக்கு 48,000. ஐசியூ 2 நாளுக்கு 24,000. சர்ஜன், மயக்கவியல், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,50,000. மருந்தும் பொருத்திய உபகரணங்களும் 90,000. பரிசோதனைகள் 20,000. கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் போன்ற 'தர இயலாத' வகைகள் 18,000. கம்பெனி என்ன செய்திருக்கிறது என்றால், ஐசியூவை வரம்புக்குக் குறைத்து 16,000 ஆக்கிவிட்டு, கடைசி 18,000-ஐ முழுக்க நீக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பாதியாக வெட்டியிருக்கிறது. கூட்டினால் 1,70,000 வரும். அதில் உங்கள் பாலிசியின் 10 சதவீத கோ-பே, அதாவது கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, போக 1,53,000.

மருந்துக்கும் உபகரணத்துக்கும் பரிசோதனைக்கும் இப்படி வெட்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-ல் வெளியிட்ட விதிமுறையில் இது தெளிவாக இருக்கிறது. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் எனும் பயன்படுத்தித் தீர்க்கும் பொருள்கள், பொருத்தும் உபகரணங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றில் விகிதாசாரக் கழிவு கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் சர்ஜன் கட்டணத்தில்கூடக் கூடாது. எந்த அறையில் படுத்தாலும் ஒரு மாத்திரைக்கு அதே விலைதானே. உங்கள் பில்லில் அந்த 90,000-மும் 20,000-மும் முழுதாகச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் 2,25,000. கோ-பே போக 2,02,500. வித்தியாசம் 49,500.

இதைக் கேட்டு வாங்க வக்கீல் வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். மேலே உள்ள கணக்கை அப்படியே போடுங்கள், 2020 விதிமுறையைக் குறிப்பிடுங்கள், பில், செட்டில்மென்ட் கடிதம், பாலிசி நகல் மூன்றையும் இணையுங்கள். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலும் பதிவு செய்யுங்கள். 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் நடுவர்) அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் எதுவும் கிடையாது. கம்பெனி கடைசியாகச் சொன்ன பதிலின் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அங்கே உண்டு. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்கள் போகலாம். பாதிப் பேர் முதல் கடிதத்தைப் பார்த்ததுமே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் இப்போதே பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாளோ 90 நாளோ வரைக்குமான மருந்து, பரிசோதனை, டாக்டர் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவையும் பெறலாம். உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்து, டாக்டர் சீட்டோடு ரசீதுகளைச் சேர்த்து அனுப்புங்கள். ஆஞ்சியோகிராம் வெளியில் எடுத்திருந்தால் அந்த ரசீதும் இதில் வரும். கேஷ்லெஸ், அதாவது கம்பெனி மருத்துவமனைக்கே நேரடியாகப் பணம் கட்டுவது, முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து இந்தப் பணத்தைக் கேட்காமலே இருந்துவிடுகிற குடும்பங்கள் ஏராளம்.

உங்களுக்குக் குறைத்தாவது கொடுத்தார்கள். முழுதாக நிராகரிக்கப்பட்ட ஃபைல்கள்தான் என்னை அதிகம் வருத்தியவை. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம். பாலிசி எடுக்கும்போது "சுகர் எல்லாம் எழுத வேணாம் சார், ப்ரீமியம் ஏறிடும்" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். நான்கு வருடம் கழித்து மாரடைப்பு வரும். டூட்டி டாக்டர் அவசரத்தில் "சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்பார், பயத்தில் இருக்கிற மனைவி "பத்து வருஷம் இருக்கும்" என்பார். அந்த வரி கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். உண்மையில் ஆறு வருடமாகவே இருந்தாலும், எழுதப்பட்டது பத்து. நோயை மறைத்துவிட்டீர்கள் என்று கிளெய்ம் போய்விடும். நோய் விவரம் சொல்லும்போது வீட்டில் யாருக்கு நன்றாகத் தெரியுமோ அவர் சொல்லட்டும். தவறாக எழுதப்பட்டிருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே சிகிச்சை தந்த டாக்டரிடம் சொல்லி, பழைய சீட்டுகளைக் காட்டி, எழுத்தில் திருத்தம் வாங்குங்கள். பிறகு வாங்கும் கடிதத்தைக் கம்பெனி சந்தேகமாகவே பார்க்கும்.

இதில் சட்டம் கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கிறது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகும் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம்) அதிகபட்சம் 48 மாதமாக இருந்ததை 2024 ஏப்ரலில் 36 மாதமாகக் குறைத்தார்கள். 60 மாதம் தொடர்ந்து ப்ரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தாய் என்று சொல்லி மறுக்க முடியாது. கிளெய்மை நிராகரிக்க ஒரு தனி அலுவலரின் முடிவு போதாது, குழுவின் ஒப்புதல் வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும். காகிதத்தில் நல்ல விதிகள். ஆனால் நோயாளி தரப்புக்குத் தெரியாத விதி இல்லாத விதிதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் கேள்வியில் பெரிய பகுதிக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் எடுத்தால் மருத்துவச் செலவு தீர்ந்தது என்ற நம்பிக்கையை நம் ஊரில் வளர்த்துவிட்டார்கள். பாலிசி பணம் தருவது படுக்கையில் சேர்ந்தால் மட்டும். குடும்பத்தை அரிப்பதோ அதற்கு வெளியே இருக்கிற செலவு: மாதா மாதம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, எக்கோ, டாக்டர் ஃபீஸ், பஸ்ஸோ காரோ பிடித்து நகரத்துக்குப் போய் வருவது. அப்பாவோடு இருக்க நீங்கள் போட்ட சம்பளமில்லா விடுப்பும், அவர் கடை மூடிக் கிடந்த நாட்களும் எந்தக் கணக்கிலும் வராது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. 2021-22-ல் அது 39.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. இறங்கியது உண்மையில் நல்ல செய்தி. ஆனாலும் நூறில் நாற்பது ரூபாய் சட்டைப்பையிலிருந்தும், அது தீர்ந்தால் அடகுக் கடையிலிருந்தும் வருகிறது. நோய் வந்த வீட்டில் முதலில் போவது நகை. அப்புறம் கைமாற்று. அப்புறம் தினவட்டிக்காரர். நிலம் வைத்திருப்பவர்கள் கடைசியில் பத்திரத்தை எடுக்கிறார்கள்.

விலை என்ற விஷயத்தை இன்சூரன்ஸ் தொடுவதே இல்லை. மருத்துவமனை என்ன போடுகிறதோ அதில் ஒரு பங்கைத்தான் அது தருகிறது. அரசு தலையிட்டால் விலை இறங்கும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய இதய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் உச்சவிலை வைத்தது. அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அடுத்த வருடம் அதே ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,700 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. ஊசிக்குழல், கையுறை மாதிரி சின்னச் சின்ன சாமான்கள் வழியாகவும் பணம் போகிறது. உங்கள் பில்லில் அந்த 18,000-ஐ ஒரு முறை வரி வரியாகப் பாருங்கள், புரியும்.

தமிழ்நாட்டில் ஏழைகளுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ரேஷன் கார்டும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு வருமான வரம்பே இல்லை. திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993-ல் புகார் சொல்லுங்கள்.

ஆனால் 1,20,000 என்றால் மாதம் 10,000. ஜவுளிக்கடையில் மாதம் 18,000 வாங்கும் ஒருவர் இந்த வரம்புக்கு மேலே வந்துவிடுகிறார். தனியார் பாலிசிக்கு ப்ரீமியம் கட்ட அவரிடம் மிச்சம் இருக்காது. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 40 கோடிப் பேர் எந்த மருத்துவக் காப்பும் இல்லாமல் இப்படி நடுவில் நிற்கிறார்கள் என்றது. என் மனத்தில் எப்போதும் இருப்பவர்கள் இவர்கள்தான். இந்தக் கடை ஊழியருக்கு ஒரு வழி இருக்கிறது, அதை முதலாளிகள் சொல்வதில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடையாக இருந்து, சம்பளம் 21,000-க்குள் என்றால் அவருக்கு இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உரிமை. சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர் தருவார், 3.25 சதவீதம் முதலாளி தருவார். குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு, சார்ந்து வாழும் பெற்றோருக்கும் உண்டு, சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. பிடித்தம் செய்யாத முதலாளி மீது இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் புகார் தரலாம்.

அரசு மருத்துவமனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடுத்தரக் குடும்பங்கள் அதைக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கின்றன. தனியாரில் கையிருப்பெல்லாம் கரைந்த பிறகு, நோய் முற்றிய நிலையில், மதுரை ராஜாஜிக்கோ சென்னை ராஜீவ் காந்திக்கோ வந்து சேர்கிறார்கள். வரிசையை மாற்றிப் போடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மாரடைப்பு வந்த இரவில் அருகில் எது இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு முதலில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நிபுணரைப் பார்த்து ஒரு கருத்துக் கேளுங்கள். கூட்டம் இருக்கும், தேதி தள்ளிப் போகலாம், கூட ஒருவர் முழுநேரமும் நிற்க வேண்டியிருக்கும். இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தனியாரில் லட்சக்கணக்கில் ஆகும் பைபாஸ் அங்கேயும் நடக்கிறது, கைதேர்ந்தவர்கள் செய்கிறார்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். எந்த ஊர்க்காரர் என்றும் பார்ப்பதில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு. அப்பாவின் பாலிசியை என்ன ஆனாலும் விட்டுவிடாதீர்கள். பைபாஸ் ஆனவரை வேறு கம்பெனி லேசில் எடுத்துக்கொள்ளாது. மூத்த குடிமக்களின் ப்ரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த, கம்பெனி ஐஆர்டிஏஐயிடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. அது உங்களுக்குக் கொஞ்சம் தற்காப்பு. அம்மாவுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் அப்பாவின் பாலிசியோடு சேர்க்காமல் தனித்தனியாக எடுங்கள், ஒருவர் நோய் மற்றவரின் தொகையைத் தின்றுவிடக் கூடாது. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

வாங்கும்போது விளம்பரத்தில் இருக்கிற பெரிய தொகையைப் பார்க்காதீர்கள். அறை வாடகை வரம்பு இருக்கிறதா, கோ-பே இருக்கிறதா, கண்புரை, மூட்டு மாற்று மாதிரி சிகிச்சைகளுக்குத் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்ற மூன்றையும் எழுத்தில் பாருங்கள். அறை வரம்பு உள்ள 10 லட்சம் பாலிசியைவிட அது இல்லாத 5 லட்சம் பாலிசி மேல் என்பேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு சூப்பர் டாப்-அப் சேர்க்கலாம். வருடத்தின் மொத்தச் செலவு 5 லட்சத்தைத் தாண்டிய பிறகு அது வேலை செய்யும் என்பதால் விலை குறைவாக இருக்கும். ஆபீஸ் தருகிற குரூப் பாலிசியை மட்டும் நம்பியிருக்காதீர்கள், வேலை போகிற அன்றே அதுவும் போய்விடும். வேலையை விடும்போது அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம், அதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். பாலிசி வந்த பிறகு படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

அடுத்த முறை யாரையாவது சேர்க்க நேர்ந்தால், பில்லிங் கவுன்டருக்குப் போவதற்கு முன் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் பாலிசிக்கு எந்த அறை வரை வெட்டு விழாது?" அந்த அறை காலி இல்லை என்றால், தகுதியான அறை இல்லாததால்தான் உயர் அறை தரப்பட்டது என்று மருத்துவமனையிடம் எழுதி வாங்குங்கள். ஆம்பட்ஸ்மேன் முன்னால் அந்தக் காகிதம் பேசும்.

அப்பாவின் மாத்திரைகள் இனி ஆயுளுக்கும் தொடரும், அந்தச் செலவை இப்போதே குறைத்துவிடலாம். அடுத்த செக்கப்பில் சீட்டில் மருந்தின் ஜெனரிக் பெயரை, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் மூல மருந்தின் பெயரை, எழுதித் தரச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி கடைகளிலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 1,000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் பிராண்டு விலையில் பாதிக்கும் குறைவாகப் பல மருந்துகள் கிடைக்கின்றன. பிரஷருக்கும் சுகருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், இலவசமாக. இதயத்துக்கான மாத்திரைகளை மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டு மாற்றுங்கள், ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரையை ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள்.